தரம் என்னும் வேலி

1961-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், அந்நாட்டுப் புத்தக வணிகர்கள் ஆண்டுதோறும் வழங்கும் அமைதிப் பரிசு ஒரு திருத்தணிக்காரருக்குக் கிடைத்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அப்போது இந்தியாவின் குடியரசுத் துணைத் தலைவர். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1953-இல், அதே பரிசைப் பெற்றவர் மார்ட்டின் பூபர் என்ற யூதத் தத்துவ அறிஞர். பூபருக்கு பிராங்க்பர்ட் புதிய ஊர் அல்ல. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் நடத்தியிருக்கிறார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பதவியை விட்டார். 1938-இல் நாட்டையும் விட்டு ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார். தன்னை இருக்கவிடாத நகரத்துக்கே பரிசு வாங்க அவர் திரும்பி வர இருபது ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி ஏறுகிறவர்களில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. 1888-இல் ராதாகிருஷ்ணன் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தபோது இந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அங்கே போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு நகர்ந்தது, ஊர் நகரவில்லை. யார் நம்மவர், யார் வெளியார் என்ற கேள்வியைச் சட்டமும் வரைபடமும் எப்படியெல்லாம் மாற்றி எழுதும் என்பதை நேரில் பார்த்த ஊர் இது. அதனால்தான் இங்கிருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கல்லூரி வளாகத்துக்குள் கொண்டுபோய்க் கேட்கத் தோன்றுகிறது. படிப்பு உள்ள இடத்தில் வெறுப்பு இருக்காது என்று நம்புகிறோம். யூதர்களின் அனுபவம் அந்த நம்பிக்கையை மறுக்கிறது. வளாகத்தில் வெறுப்பு வேறு உடை போட்டுக்கொண்டு வருகிறது. அந்த உடைக்குத் தரம் என்று பெயர். அதை அடையாளம் கண்டும் பேசாமல் இருக்கிற பெரும்பான்மைதான் அதற்கு உயிர் கொடுக்கிறது.

வளாகம் முந்திக்கொண்டது

நாஜிக் கட்சி ஜெர்மனியின் ஆட்சியைப் பிடித்தது 1933 ஜனவரியில். பல்கலைக்கழகங்களை அது அதற்கு முன்பே பிடித்துவிட்டது. 1931-இலேயே நாடு தழுவிய ஜெர்மானிய மாணவர் பேரவையின் தலைமை நாஜி மாணவர் அமைப்பின் கைக்குப் போய்விட்டது. நாட்டின் மற்ற மக்கள் இன்னும் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், படித்த இளைஞர்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைமை அது. அன்றைய ஜெர்மனியில் யூதர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவத்திலும் சட்டத்திலும் அவர்கள் கண்ணில் படும் அளவுக்கு இருந்தார்கள். வேலை கிடைக்காத பட்டதாரிக்கு, தன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லப்படும் கதை இனிக்கும்.

1933 ஏப்ரல் 7 அன்று வந்த சட்டம், ஆரியர் அல்லாதவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. அதன் பெயர் ‘தொழில்முறை அரசுப் பணியை மீட்டெடுக்கும் சட்டம்’. ஏப்ரல் 25-இல் மற்றொரு சட்டம்: பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் யூத மாணவர்களின் அளவுக்கு வரம்பு. அதன் பெயர் ‘நெரிசலைத் தடுக்கும் சட்டம்’. பெயர்களைக் கவனியுங்கள். ஒன்று பணியின் தரத்தைக் காப்பதாகச் சொல்கிறது. மற்றது வகுப்பறையில் கூட்டத்தைக் குறைப்பதாகச் சொல்கிறது. இரண்டு தலைப்பிலும் வெறுப்பு என்ற சொல்லுக்கு இடமில்லை. மே 10 அன்று பெர்லினிலும் மற்றப் பல்கலைக்கழக நகரங்களிலும் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. அந்த நெருப்பை ஏற்பாடு செய்து மூட்டியவர்கள் தெருப் போக்கிரிகள் அல்லர், மாணவர் பேரவையினர். சில பேராசிரியர்கள் அங்கியோடு வந்து உரை ஆற்றினார்கள்.

நாற்பத்திரண்டு கையெழுத்துகள்

கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அன்று உலக இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் தலைநகர். குவாண்டம் இயற்பியலின் கணக்குகள் பெருமளவு அங்கேதான் உருவாயின. ஜேம்ஸ் பிராங்க் அங்கே சோதனை இயற்பியல் பேராசிரியர், 1925-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர், யூதர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போர்முனையில் நின்றவர்களுக்கு ஏப்ரல் சட்டம் விலக்கு அளித்திருந்தது. பிராங்க் அப்படி நின்றவர், இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வேலை இருந்திருக்கும். அவர் ஏப்ரல் 17 அன்று ராஜினாமா செய்தார். தன் மக்கள் நாட்டின் எதிரிகள்போல நடத்தப்படும்போது தான் மட்டும் சலுகையை வாங்கிக்கொள்ள முடியாது என்பது அவர் காரணம். அதைப் பத்திரிகைக்கும் தெரிவித்தார்.

ஒரு வாரத்துக்குள் அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் 42 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிராங்கின் ராஜினாமா நாட்டுக்குச் செய்த சதி என்றது அறிக்கை. இப்படிப்பட்டவர்களை அகற்றும் வேலையை அரசு விரைவாகச் செய்ய வேண்டும் என்றும் கேட்டது. இந்த 42 பேரும் அயோக்கியர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போடாத ஆசிரியர்கள் இருந்தார்கள். பிராங்கின் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னவர்களும் இருந்தார்கள். எதிர் அறிக்கை ஒன்று வரவில்லை. பிராங்குக்கு ஆதரவாகப் பதவியைத் துறக்க யாரும் முன்வரவில்லை. பாராமுகம் என்பது கருத்தே இல்லாத நிலை என்று நாம் எண்ணுகிறோம். கோட்டிங்கனில் அவர்களுக்குக் கருத்து இருந்தது. அதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஏப்ரலிலேயே கோட்டிங்கனின் மற்றோர் இயற்பியல் பேராசிரியர் மாக்ஸ் போர்னும் நீக்கப்பட்டார். கணித மேதை எமி நோதரும் நீக்கப்பட்டார். சில ஆண்டுகளில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை இழந்தன.

பெங்களூர், 1935

இந்தக் கதை நம் பக்கம் திரும்புவது இங்கேதான். ராதாகிருஷ்ணன் பிறந்த அதே 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் சி.வி. ராமன். 1930-இல் நோபல் பரிசு. 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர். ஜெர்மனி துரத்திக்கொண்டிருந்த மூளைகளை இந்தியாவுக்குக் கொண்டுவரலாம் என்று அவர் கனவு கண்டார். உலகின் பல பல்கலைக்கழகங்கள் அகதிப் பேராசிரியர்களுக்கு இடமில்லை என்று கைவிரித்த நேரம் அது.

ராமனின் அழைப்பை ஏற்று மாக்ஸ் போர்ன் தம் மனைவியுடன் 1935 இறுதியில் பெங்களூர் வந்தார். கோட்டிங்கனை இழந்து, கேம்பிரிட்ஜில் தற்காலிகப் பணியில் இருந்தவர். இங்கே ஏறத்தாழ ஆறு மாதம் பாடம் நடத்தினார். நாட்டைப் பிடித்துப்போயிற்று. அவரை நிரந்தரப் பேராசிரியராக நியமிக்க வேண்டும் என்று ராமன் கழகத்தின் ஆசிரியர் குழுவில் முன்மொழிந்தார். போர்னையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்.

அங்கே நடந்ததை போர்ன் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆஸ்டன் என்ற ஆங்கிலேய மின்பொறியியல் பேராசிரியர் எழுந்தார். அவர் பெங்களூருக்குப் புதியவர். வந்த புதிதில் போர்ன் தம்பதிதான் அவருக்கும் அவர் மனைவிக்கும் தங்கள் வீட்டில் இடம் கொடுத்திருந்தார்கள். சொந்த நாடே வெளியே தள்ளிய இரண்டாம் தர வெளிநாட்டவர் ஒருவர் இந்தக் கழகத்துக்குப் போதாது என்ற பொருளில் அவர் பேசினார். போர்ன் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியின் முன் அழுதுவிட்டதாக எழுதுகிறார். நியமனம் நடக்கவில்லை. போர்ன் இங்கிலாந்து திரும்பினார். ஒரு கட்டத்தில் மாஸ்கோ போகலாமா என்றுகூட யோசித்தார். 1936 அக்டோபரில் எடின்பரோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. 1954-இல், அந்த ‘இரண்டாம் தரத்தவர்’ இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

வரலாற்றுக்கு நேர்மையாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் கோபத்தில் பாதி ராமன் மீதானது. கழகத்தின் பணத்தை அவர் இயற்பியலுக்கே கொட்டுகிறார், யாரையும் மதிப்பதில்லை என்ற குறை ஆசிரியர்களிடம் புகைந்துகொண்டிருந்தது. 1937-இல் அவர் இயக்குநர் பதவியை விட வேண்டியதாயிற்று. ஆஸ்டனின் பேச்சில் யூதர் என்ற சொல் இருந்ததாக போர்ன் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் துரத்தப்பட்டதையே அவருடைய தகுதிக் குறைவுக்குச் சான்றாகக் காட்டினார்கள். துரத்தியது எது? அவர் பிறப்பு. ஹிட்லரின் தீர்ப்பு பெங்களூர் வந்து, யாரும் ஹிட்லரின் பெயரைச் சொல்லாமலே, ஒரு கல்விக்கூடத்தின் தர மதிப்பீடாக மாறிவிட்டது. சொன்னவருக்குக்கூட அது தெரிந்திருக்காது. வெறுப்பு தன்னை மறந்த நிலையில் இப்படித்தான் பேசுகிறது.

தரம் என்ற சொல்லின் பயணம்

ஹங்கேரியில் 1920-இல் ஒரு சட்டம் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஒவ்வோர் இனமும் மக்கள்தொகையில் எத்தனை விழுக்காடோ அத்தனை விழுக்காடு மட்டுமே சேரலாம் என்றது. சட்டத்தின் வாசகத்தில் யூதர் என்ற பெயர் இல்லை. எல்லோருக்கும் பொதுவான கணக்குப்போலத் தெரிந்தது. நடைமுறையில் கதவு யாருக்கு மூடியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

அமெரிக்காவின் ஹார்வர்டில் 1922-இல் மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர்கள். தலைவர் லாரன்ஸ் லோவல் வெளிப்படையாக ஒரு வரம்பு வைக்க நினைத்தார். ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. 1926-இல் புதிய சேர்க்கை முறை வந்தது. மதிப்பெண் மட்டும் போதாது, விண்ணப்பதாரரின் ‘குணநலன்’ பார்க்கப்படும், புகைப்படமும் வேண்டும். யூத மாணவர்களின் விகிதம் சரிந்தது. நேரடியாகக் கேட்டபோது எதிர்த்த ஆசிரியர்கள், குணநலன் என்று பெயர் மாறியதும் அடங்கிப்போனார்கள்.

போலந்தில் இவ்வளவு நாசூக்குக்கூட இல்லை. வளாகங்களில் யூத மாணவர்களை அடிப்பது 1930-களில் வாடிக்கையாகிவிட்டது. அடிதடியை நிறுத்த அரசு கண்ட வழி விந்தையானது. 1937-இல் வகுப்பறையில் யூதர்களுக்கென்று தனி பெஞ்சுகளை ஒதுக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கொடுத்தது. மாணவர் அட்டையில் எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று முத்திரை குத்தினார்கள். அமைதிக்காகச் செய்த ஏற்பாடு என்று சொன்னார்கள். யூத மாணவர்கள் அந்தப் பெஞ்சுகளில் உட்கார மறுத்தார்கள். வகுப்பு முழுவதும் சுவரோரமாக நின்றுகொண்டே பாடம் கேட்டார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டியலில் அடுத்த பெயர் உடனே நினைவுக்கு வரும். 1970-களின் தொடக்கத்தில் இலங்கை அரசு பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் ‘தரப்படுத்தல்’. 1971 அனுமதியில் பொறியியல் படிக்கச் சிங்கள மொழியில் தேர்வு எழுதியவருக்கு 227 மதிப்பெண் போதும். தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 வேண்டும். பின்தங்கிய ஊர்களின் பிள்ளைகளுக்கு வழிவிட வேண்டும் என்ற நியாயமான தேவையும் அதில் கலந்திருந்தது. பிற்கால மாவட்ட ஒதுக்கீட்டால் மலையக, கிழக்கு மாவட்டப் பிள்ளைகள் பயன் அடைந்ததும் உண்மை. ஆனால் மொழியைப் பார்த்து மதிப்பெண்ணை ஏற்றிய அந்த முதல் கணக்கு, ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞர்களுக்கு இந்த நாடு உன்னுடையது இல்லை என்று சொன்னது. அப்போது தென்னிலங்கையின் அறிவாளிகளில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று நாம் இன்றுவரை கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதே கேள்வியை நம்மைப் பார்த்தும் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

நம் வீட்டு ஹிட்லர்

இந்திய மண்ணில் யூத வெறுப்பு கிடையாது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அதில் பெரும் பங்கு உண்மை. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தின் உரிமையையும் 72 சிறப்புரிமைகளையும் செப்பேட்டில் வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்தார். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது முதல் மன்ற உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனவர்கள் அவர்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் மிச்சம். கொச்சியின் பரதேசி யூதக் கோயில் 1568-ஐச் சேர்ந்தது. 1662-இல் அதைத் தாக்கியவர்கள் போர்த்துகீசியர், உள்ளூர்க்காரர்கள் அல்லர்.

ஆனால் இந்தப் பெருமை நம்மைத் தூங்கவைத்துவிட்டது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் நகரத்தின் எண்ணற்ற கட்டடங்களுக்கு நடுவே நாரிமன் இல்லம் என்ற சிறிய யூத மையத்தைத் தேடிப் போனார்கள். அங்கிருந்த மதகுரு கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் யூதர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். சரி, உள்ளே நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

ரயில் நிலையப் புத்தகக் கடைகளிலும் ஊர்ப் புத்தகக் காட்சிகளிலும் ஹிட்லரின் தன்வரலாறு, தன்னம்பிக்கை நூல்களின் அடுக்கில் இருக்கிறது. வாங்குகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு. ஒழுக்கம், விடாமுயற்சி, தலைமைப் பண்பு கற்கப் படிக்கிறேன் என்பார்கள். கண்டிப்பான ஆசிரியருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர் வைக்காத பள்ளி நம் ஊரில் அரிது. நவி மும்பையில் 2006-இல் ஓர் உணவகம் ஹிட்லர் பெயரில் திறந்தது. அகமதாபாத்தில் 2012-இல் ஒரு துணிக்கடை அதே பெயரில் வந்தது. கூட்டாளி ஒருவரின் தாத்தா கண்டிப்பானவர், அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதனால் வைத்தோம் என்று காரணம் சொன்னார்கள். இரண்டுக்கும் எதிர்ப்பு எழுந்து பெயர்கள் மாறின. குஜராத்தின் பள்ளிப் பாடநூல் ஒன்று நாஜி ஆட்சியின் சாதனைகளைப் பட்டியலிட்டு, படுகொலையைப் போகிறபோக்கில் தொட்டதாக இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கண்டனம் எழுந்தது.

இந்தக் கடைக்காரருக்கும் இந்த மாணவருக்கும் யூதர் மீது பகை எதுவும் இல்லை. அவர்கள் வாழ்நாளில் ஒரு யூதரைச் சந்தித்திருக்க மாட்டார்கள். சிக்கலும் அதுதான். இறந்தவர்கள் நமக்குக் கண்ணில் படாததால், கொன்றவன் வெறும் கண்டிப்புக்காரனாக எஞ்சிவிட்டான். நம் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் நாஜிகளைப் பற்றிய பாடம் இருக்கிறது. மாணவர் ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறார், இரண்டு மதிப்பெண் வாங்குகிறார். அந்த ஆட்சி முதலில் ஒரு வகுப்பறையில் பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பி அனுப்பியது என்பது அவர் மனத்தில் பதிவதில்லை.

இன்றைய வளாகம்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்றது. அதைத் தொடர்ந்த காஸா போரில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகள் எண்ணற்றோர். அமெரிக்க, ஐரோப்பிய வளாகங்களில் மாணவர்கள் கூடாரம் அடித்துப் போராடினார்கள். ஒரு போரை எதிர்ப்பதும் ஓர் அரசைக் கண்டிப்பதும் மாணவரின் உரிமை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு உலகம் ஏன் பேசவில்லை என்று கேட்ட நாம் அந்த உரிமையை ஒருபோதும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் அந்த நாட்களில் வேறொன்றும் நடந்தது. தொப்பியைப் பார்த்து, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் ஆறுமுனை நட்சத்திரத்தைப் பார்த்து, யூத மாணவர்கள் அவமதிக்கப்பட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களின் உணவுக்கூடத்தைச் சுடுவேன் என்று இணையத்தில் மிரட்டிய மாணவர் சிறை சென்றார். அமெரிக்க யூத அமைப்பான அவதூறு எதிர்ப்புக் கழகம் 2024-இல் வளாகங்களில் மட்டும் 1,694 சம்பவங்களைக் கணக்கிட்டது. போராட்ட முழக்கங்களையும் சேர்த்து எண்ணுகிறது என்று அந்தக் கணக்கை மறுப்பவர்கள் உண்டு. எண்ணிக்கையில் சர்ச்சை இருக்கலாம். பிள்ளைகள் அச்சத்தோடு விடுதி அறையில் இருந்ததில் சர்ச்சை இல்லை. 2023 டிசம்பர் 5 அன்று ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்.ஐ.டி. தலைவர்களை அமெரிக்க நாடாளுமன்றக் குழு அழைத்துக் கேட்டது: யூதர்களை இனப்படுகொலை செய்யச் சொல்வது உங்கள் விதிகளுக்கு எதிரானதா? சூழலைப் பொறுத்தது என்று பதில் வந்தது. சட்ட நுணுக்கத்தில் அந்தப் பதிலுக்கு இடமிருக்கலாம். ஒரு மாணவரின் தாய்க்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

எது கண்டனம், எது வெறுப்பு என்பதில் அறிஞர்களே இரு பிரிவு. 2016-இல் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு தந்த வரையறை இஸ்ரேல் பற்றிய பேச்சை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்துகிறது என்று கருதிய அறிஞர்கள், 2021-இல் ஜெருசலேம் பிரகடனத்தை முன்வைத்தார்கள். நமக்குப் போதுமான எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஓர் அரசு செய்ததற்கு அந்த அரசைக் கேள். அது செய்ததற்கு, அதன் மதத்தில் பிறந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பொறுப்பாக்காதே. இந்த அளவுகோல் மறுபக்கத்துக்கும் பொருந்தும். 2023 நவம்பர் 25 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் பாலஸ்தீன வம்சாவளிக் கல்லூரி மாணவர்கள் மூவர் தெருவில் சுடப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் ஹார்வர்ட் தன் வளாகத்தைப் பற்றி இரண்டு அறிக்கைகளை ஒரே நாளில் வெளியிட்டது: ஒன்று யூத மாணவர்கள் பட்டதைப் பற்றி, மற்றது முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவர்கள் பட்டதைப் பற்றி. இரண்டையும் ஒருசேரப் படிக்கிற மனமே நேர்மையான மனம்.

பாராமுகத்துக்கு இன்னொரு வடிவமும் உண்டு. 2025-இல் அமெரிக்க அரசு யூத வெறுப்பைத் தடுப்பதாகச் சொல்லிப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நிதியை நிறுத்தியது, வெளிநாட்டு மாணவர்களின் விசாவை ரத்து செய்தது. ஒருவரின் வலியைத் தடியாக எடுத்து வேறொருவரை அடிப்பது அந்த வலியைக் கேட்டதாகாது. அமெரிக்க யூதர்கள் பலரே அதைச் சொன்னார்கள்.

பக்கத்து இருக்கை

நாஜிகளின் யூத வெறுப்பையும் நம் நாட்டுத் தீண்டாமையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி 1940-களிலேயே எழுதியவர் அம்பேத்கர். யூதர் படும் துன்பத்தைக் கண்டு உருகும் மனம், தன் தெருவில் நடப்பதைப் பாராமல் கடப்பது ஏன் என்பது அவர் கேள்வி. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை 2007-இல் தோரட் குழு ஆவணப்படுத்தியது. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா உயிரை விட்டார். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவரை அவருடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றியும் பரிந்துரை செய்ய வேண்டியிருந்தது. இந்த வளாகங்களிலும் ஒலிப்பது அதே சொல்தான்: தகுதி. இவன் எப்படி உள்ளே வந்தான்? இவன் மதிப்பெண் என்ன? பெங்களூர்க் கூட்டத்தின் எதிரொலி இன்னும் அடங்கவில்லை.

இதை எழுதுவது யூதரின் துன்பத்தைத் தள்ளிவிட்டு நம் துன்பத்தை முன்னே வைக்க அல்ல. ஒன்றைப் பார்க்கப் பழகிய கண் மற்றொன்றையும் பார்க்கும் என்பதற்காக. நம் வேதனையை உலகம் கவனிக்கவில்லை என்று குறைப்படுகிற தமிழர், யூத மாணவரின் அச்சத்தை ‘அது அவர்கள் பிரச்சினை’ என்று ஒதுக்கினால், நமக்கு எதிராக நடந்த அதே வழக்கில் நாமும் கையெழுத்துப் போடுகிறோம்.

மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1943 பிப்ரவரி 18 அன்று துண்டறிக்கை போட்ட ஹான்ஸ், சோஃபி ஷோல் என்ற அண்ணன் தங்கையை அங்கே பராமரிப்புப் பணியில் இருந்தவர் பிடித்துக்கொடுத்தார். அவர்களுடைய வெள்ளை ரோஜா குழுவின் முந்தைய துண்டறிக்கை ஒன்று, போலந்தில் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்படுவதை அச்சில் சொல்லியிருந்தது. 22-ஆம் தேதி இருவருக்கும் தலை வெட்டப்பட்டது. அதே நாள் மாலை பல்கலைக்கழக மண்டபத்தில் கூடிய மாணவர்கள், காட்டிக்கொடுத்தவருக்குக் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். பத்து ஆண்டுப் பாராமுகம் முற்றினால் கைதட்டலாகிறது.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் தேவையில்லை. செப்டம்பர் 5 அன்று நாடு முழுவதும் திருத்தணி மைந்தரின் பிறந்தநாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று ஒரு பாடவேளை, ஒரு நல்லாசிரியர் தன் வகுப்புக்கு மாக்ஸ் போர்னைப் பற்றிச் சொல்லலாம். ஒரு மனிதரை அவரது முன்னிலையிலேயே இரண்டாம் தரம் என்றபோது மற்றவர்கள் என்ன செய்திருக்கலாம் என்று மாணவர்களைக் கேட்கலாம். நூலகத்துக்கு நூல் வாங்குகிறவர் ஹிட்லரின் புத்தகத்தை வாங்கினால், பக்கத்தில் ஆன் பிராங்கின் நாட்குறிப்பையும் வாங்கி வைக்கலாம். அடுத்த முறை யாராவது ஹிட்லர்போல ஒருவர் வந்தால்தான் நாடு உருப்படும் என்று சொல்லும்போது, சிரித்து நகராமல் நின்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

திருத்தணியிலிருந்து சென்னைக்குக் காலையில் போகும் மின்சார ரயிலில் பாதிக் கூட்டம் கல்லூரிப் பிள்ளைகள். நீ எந்தக் கல்லூரி என்று கேட்டு அடிக்கிற பழக்கமும் இதே தடத்தில்தான் வளர்ந்தது. 2024 அக்டோபரில் அது ஒரு மாணவரின் உயிரைக் குடித்தது. இதே ரயிலில் கைக்குழந்தையோடு ஒருவர் ஏறினால், சொல்லாமலே யாராவது எழுந்து இடம் கொடுப்பதையும் தினமும் பார்க்கிறோம். போலந்தின் வகுப்பறைகளில் யூத மாணவர்கள் சுவரோரமாக நின்றபோது, யூதர் அல்லாத சில மாணவர்களும் பேராசிரியர்களும் தங்கள் இருக்கையை விட்டு எழுந்து அவர்களோடு நின்றார்கள். லுவோவ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்தனிஸ்லாவ் குல்சின்ஸ்கி, தனி பெஞ்சு ஆணையில் கையெழுத்திட மறுத்து 1938 ஜனவரியில் பதவியை விட்டார். அவர்களால் போலந்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் சுவரோரம் நின்ற அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. எழுந்து நிற்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாத வேலை அல்ல. யாருக்காக எழ வேண்டும் என்பதைத்தான் நாம் அவர்களுக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.